ஏழை சொல் அம்பலம் ஏறுமா?

"ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்று நம் பாட்டன் பூட்டன் காலத்திலேயே சொல்லி வைத்தார்கள். அம்பலம் போய்க் கச்சேரி வந்தது. கச்சேரி போய்க் கோர்ட் வந்தது. வெள்ளைக்காரன் போனான். 1950-ல் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று அதன் 14-வது பிரிவு பிரகடனம் செய்கிறது. ஆண்டை என்றும் அடிமை என்றும் பிரித்து வைத்திருந்த இந்த நாட்டில் அப்படி எழுதி வைத்தது பெரிய காரியம். அதை நாம் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஏட்டில் உள்ள அந்தச் சமத்துவம் கோர்ட் வாசற்படியைத் தாண்டிச் சாட்சிக் கூண்டு வரைக்கும் வருகிறதா? கூண்டில் ஏறி நிற்கும் கூலியாளின் சொல்லும், காரில் வந்து இறங்கும் பண்ணையாரின் சொல்லும் அந்தத் தராசில் ஒரே எடையாக நிற்கின்றனவா?

50 ரூபாய் அபராதம்

இந்தக் கேள்வியைப் பகிரங்கமாகக் கேட்டதற்காக ஒரு முதலமைச்சரே குற்றவாளியாக நிறுத்தப்பட்டார். 1967 நவம்பரில், கேரள முதலமைச்சராக இருந்த தோழர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாத் பத்திரிகையாளர்களிடம் பேசினார். நீதிமன்றமும் இந்தச் சமுதாய அமைப்பின் ஓர் அங்கமே, ஆளும் வர்க்கத்தின் நலனுக்கே அது துணை நிற்கிறது என்றார். நன்றாக உடுத்திய தொந்தி பெருத்த பணக்காரன் ஒரு பக்கம், கந்தல் கட்டிய எழுத்தறிவற்ற ஏழை ஒரு பக்கம். இருவர் தரப்பிலும் சாட்சியம் சரிசமமாக இருந்தால், நீதிபதியின் மனம் தன்னையறியாமலே பணக்காரன் பக்கம் சாய்ந்துவிடும் என்பது அவர் சொன்னதன் சாரம்.

இது கோர்ட் அவமதிப்பு என்று வழக்கு வந்தது. கேரள ஹைகோர்ட் 1968-ல் அவருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதித்தது. அப்பீல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1970 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அவர் குற்றவாளிதான் என்று உறுதி செய்து, அபராதத்தை மட்டும் 50 ரூபாயாகக் குறைத்தது.

50 ரூபாய் பெரிய தொகை அல்ல. ஆனால் அந்தத் தீர்ப்பு வெளிவந்து மூன்றாண்டு கழிவதற்குள், இ.எம்.எஸ். சொன்னது அவமதிப்பா அனுபவ உண்மையா என்பதைத் தமிழ்நாட்டிலேயே இன்னொரு தீர்ப்பு காட்டிவிட்டது.

வெண்மணியில் எரிந்தவர்கள்

1968 டிசம்பர் 25. தஞ்சை ஜில்லா, கீழவெண்மணி. நெல் அறுவடைக்குக் கூடுதல் கூலி நெல் கேட்டார்கள் விவசாயத் தொழிலாளிகள். செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்தார்கள். அதற்குக் கிடைத்த பதில் என்ன? அன்றிரவு ஆயுதங்களுடன் வந்தார்கள் நிலப்பிரபுக்களின் ஆட்கள். உயிர் தப்ப ஒரே குடிசைக்குள் புகுந்துகொண்ட 44 பேர் அந்தக் குடிசையோடு எரிந்து சாம்பலானார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். எல்லோரும் தாழ்த்தப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த உழைப்பாளிகள்.

வழக்கு நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட்டில் நடந்தது. 1970-ல் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட சிலருக்கு அந்தக் கோர்ட் சிறைத் தண்டனை விதித்தது. நாயுடுவுக்குக் கிடைத்தது 10 ஆண்டு. 44 உயிருக்கு 10 ஆண்டு!

அந்தப் பத்தாண்டும் நிற்கவில்லை. அப்பீலை விசாரித்த சென்னை ஹைகோர்ட் 1973-ல் அவர்களை விடுதலை செய்தது. எதிரிகளில் பெரும்பாலோர் பெரிய நிலச் சொந்தக்காரர்கள். ஒருவர் கார்கூட வைத்திருப்பவர். பகை தீர்க்க நினைத்திருந்தாலும், வேலையாட்களை ஏவாமல் இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து வந்து வீடுகளுக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்று அந்தத் தீர்ப்பில் கண்டிருந்தது.

இதைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பாருங்கள். கண்ணால் கண்ட கூலியாட்கள் கூண்டில் ஏறிச் சொன்னார்கள்: "இவர்கள்தாம் வந்தார்கள்." தீர்ப்பு சொன்னது: "இவர்கள் நடந்து வருகிறவர்கள் அல்லவே." நிலம் வைத்திருப்பது ஒரு சாட்சியமாயிற்று. கார் வைத்திருப்பது ஒரு சாட்சியமாயிற்று. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவனின் கண் சாட்சியமாகவில்லை.

அதே நாளில் பண்ணைத் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்டதாக நடந்த வழக்கில் என்ன ஆயிற்று? விவசாயத் தொழிலாளிகளுக்கு ஆயுள் தண்டனை உள்ளிட்ட தண்டனைகள் கிடைத்தன. அங்கே மட்டும் தராசு தடுமாறவில்லை.

நீதிபதிகள் லஞ்சம் வாங்கிக்கொண்டு தீர்ப்பளித்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. விஷயம் அதைவிட ஆழமானது. காசு வாங்காத நீதிபதியின் மனத்திலும் அவர் பிறந்து வளர்ந்த வர்க்கத்தின் பார்வை இருக்கிறது. யார் எதைச் செய்வார், எதைச் செய்யமாட்டார் என்ற அவரது எண்ணம் சட்டப் புத்தகத்திலிருந்து வருவதில்லை. தாம் பழகிய மனிதர்களிடமிருந்து வருகிறது. பண்ணையாரின் மாளிகை அவருக்குத் தெரியும். பண்ணையாளின் குடிசை அவருக்குத் தெரியாது. இ.எம்.எஸ். சொன்னது இதைத்தான்.

வாய்தா என்னும் தண்டனை

சொல்லின் எடையைச் சொன்னோம். காலத்தின் எடையையும் பார்ப்போம்.

மில் தொழிலாளிக்கு ஒரு வழக்கு வந்தால் ஒவ்வொரு வாய்தாவும் ஒருநாள் கூலி. பஸ் கட்டணம் தனி. வக்கீல் பீஸ் தனி. காலை பத்து மணிக்குப் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்து, மாலையில் "அடுத்த மாதம் வா" என்று கேட்டுத் திரும்புகிறான். முதலாளி வாய்தாவுக்கு வருவதில்லை. அவருடைய வக்கீல் வருகிறார். வழக்கு பத்து வருஷம் இழுத்தால் முதலாளிக்கு அது கணக்கில் எழுதும் ஒரு செலவு. தொழிலாளிக்கு அது பிள்ளையின் படிப்பு, மகளின் கல்யாணம், மனைவியின் காதில் கிடந்த தோடு. இன்று நாட்டின் கோர்ட்டுகளில் 5 கோடிக்கும் மேல் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. காத்திருக்கத் தெம்பு உள்ளவனுக்கே இந்தத் தேக்கம் லாபம்.

வெளியே காத்திருப்பவன் கதி இது. உள்ளே காத்திருப்பவன் கதி என்ன? 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர் என்கிறது சர்க்காரின் சொந்தக் கணக்கு. அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நூற்றுக்கு 75 பேருக்கு மேல், குற்றவாளி என்று எந்தக் கோர்ட்டும் இன்னும் தீர்மானிக்காதவர்கள்! இவர்களில் பலரைச் சிறையில் பிடித்து வைத்திருப்பது குற்றத்தின் கொடுமையா? இல்லை. ஜாமீன் கிடைத்தாலும் ஆள் ஜாமீன் நிற்க வீட்டுப் பத்திரமும் சொத்து வரி ரசீதும் வைத்திருக்கும் உறவினர் அவர்களுக்கு இல்லை. பணம் உள்ளவன் மாலையில் வீடு திரும்புகிறான். இல்லாதவன் தீர்ப்புக்கு முன்பே தண்டனையை அனுபவித்துத் தீர்க்கிறான்.

1978-ல் மத்தியப் பிரதேசத்திலிருந்து ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. மோதிராம் என்பவர் ஓர் ஏழைக் கொத்தனார். அவரை ஜாமீனில் விடச் சொல்லியாயிற்று. கீழ்க் கோர்ட் மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஆள் ஜாமீன் கேட்டார். அன்றைய 10,000 ரூபாய்! அவருடைய சகோதரர் ஜாமீன் நிற்க முன்வந்தார். அவர் வேறு ஜில்லாக்காரர், சொத்தும் வேறு ஜில்லாவில் இருக்கிறது என்று சொல்லி அதையும் தள்ளிவிட்டார்கள்.

சுப்ரீம் கோர்ட்டில் அதை விசாரித்தவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். 1957-ல் இ.எம்.எஸ். தலைமையில் அமைந்த கேரள மந்திரி சபையில் சட்ட மந்திரியாக இருந்தவர். விவசாயிகளுக்காகவும் தொழிலாளிகளுக்காகவும் வக்கீலாக வாதாடியவர், சிறைக்கும் போய் வந்தவர். ஏழையிடம் அவன் சக்திக்கு மீறிய தொகை கேட்பது ஜாமீனை மறுப்பதற்குச் சமம், வேறு ஜில்லாக்காரன் என்று ஒதுக்குவது கூடாது என்று அவர் எழுதினார். அந்தக் கொத்தனாரை 1,000 ரூபாய் சொந்த ஜாமீனில் விடச் சொன்னார். அதே சட்டம், அதே கோர்ட். குடிசையைத் தெரிந்த ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் தராசு நிமிர்ந்தது! இ.எம்.எஸ். சொன்னதற்கு இதைவிட வேறு ருசு வேண்டுமா?

வாச்சாத்தி சொன்ன சொல்

அப்படியானால் நல்ல நீதிபதி வருவார் என்று நாம் காத்திருக்க வேண்டுமா? கூடாது. கோர்ட்டே வேண்டாம் என்று ஒதுங்கிவிட வேண்டுமா? அதுவும் கூடாது. வாச்சாத்தி நமக்கு வேறு வழி காட்டியிருக்கிறது.

தர்மபுரி ஜில்லாவில் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள ஊர் வாச்சாத்தி. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் மலைவாழ் மக்கள். 1992 ஜூன் 20-ம் தேதி, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு வனத்துறை, போலீஸ், ரெவின்யூ அதிகாரிகள் படையாகப் புகுந்தார்கள். அடித்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். தானியத்தைப் பாழாக்கினார்கள். 18 பெண்களைப் பாலியல் பலாத்காரம் செய்தார்கள். அதன் பிறகு யாரைச் சிறையில் போட்டார்கள் தெரியுமா? ஊரைச் சூறையாடியவர்களை அல்ல, சூறையாடப்பட்ட ஊர்ப் பெண்களையும் குழந்தைகளையும்!

அன்றைய மாநில சர்க்கார் நடந்ததை மறுத்தது. அதிகாரிகள் இப்படிச் செய்வார்களா என்று கேட்டார்கள். பண்ணையார் நடந்து வருவாரா என்ற அதே கேள்விதான்; ஆள் மாறியதே தவிர, கேள்வி மாறவில்லை.

ஆனால் இந்தத் தடவை ஏழை சொல் அந்தரத்தில் நிற்கவில்லை. மலைவாழ் மக்கள் சங்கம் ஊருக்குள் சென்று நடந்தவற்றைக் கேட்டு வெளியே கொண்டுவந்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் தோழர் ஏ. நல்லசிவன் கோர்ட்டுக்குப் போனார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையம் நேரில் விசாரித்து அறிக்கை கொடுத்தது. 1995-ல் ஹைகோர்ட் வழக்கை சி.பி.ஐ. வசம் ஒப்படைத்தது. 269 பேர் மீது குற்றச்சாட்டு. ஆண்டுகள் ஓடின. அந்தப் பெண்கள் அசையவில்லை. மிரட்டலுக்கும் அவமானத்துக்கும் அஞ்சாமல் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னார்கள்.

2011 செப்டம்பர் 29-ம் தேதி தர்மபுரி கோர்ட் தீர்ப்பளித்தது. எதிரிகளில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள்! ஒருவர்கூடத் தப்பவில்லை. அவர்களில் 17 பேர் பலாத்காரக் குற்றத்துக்கே தண்டிக்கப்பட்டார்கள். அப்பீல் போயிற்று. தீர்ப்புக்கு முன்னால் ஹைகோர்ட் நீதிபதி வாச்சாத்திக்கே நேரில் போய் ஊரைப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29-ம் தேதி ஹைகோர்ட் தண்டனையை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலைக்கு 10 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது.

சம்பவம் நடந்து 31 ஆண்டுகள்! கன்னிப் பெண்ணாகக் கண்ணீர் விட்டவள் பேரன் பேத்தி எடுத்த பிறகு கிடைத்த நீதி. இந்தத் தாமதத்தை நாம் கொண்டாட முடியாது. இதுவும் ஓர் அநீதிதான். ஆனாலும் வென்றது யார் சொல்? மலைவாழ்ப் பெண்களின் சொல்! அது எப்படி ஏறிற்று? தனித்தனியாக அழுத பெண்கள் ஒரே குரலில் பேசினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு சங்கம் நின்றது. வெளியிலிருந்து வந்த விசாரணை அவர்கள் சொன்னதை எழுத்தில் பதிந்தது. 31 ஆண்டும் ஊர் கலையவில்லை.

கையில் இருக்கும் ஆயுதங்கள்

ஆகவே, நடுத்தெருவில் போலீஸ் பிடிக்கும்போதே, முதல் நாளே, நாம் விழிப்பாக இருக்க வேண்டும். வழக்கு தோற்பது பெரும்பாலும் அந்த முதல் நாளில்தான். போராடித்தான் சில உரிமைகள் சட்டத்தில் ஏறியிருக்கின்றன. அவை ஏட்டிலேயே தூங்குவதற்கு நாம் விடலாகாது.

மறியலிலோ வேறு வழக்கிலோ கைது செய்தால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். இது அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு. அடித்திருந்தால் அதை மாஜிஸ்திரேட்டிடம் அங்கேயே, அப்போதே சொல்ல வேண்டும். பிறகு சொன்னால் "ஏன் அன்றே சொல்லவில்லை?" என்று கேட்பார்கள்.

நாம் புகார் கொடுத்தால் எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டியது போலீஸின் கடமை. ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுத்தால் அதையே எழுதி போலீஸ் சூப்பரின்டெண்டுக்குத் தபாலில் அனுப்பலாம். தபால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். அந்தத் துண்டுக் காகிதம் நாளைக்கு ஒரு சாட்சி.

வக்கீல் வைக்க வசதி இல்லையே என்று கலங்க வேண்டாம். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் யார் யாருக்கு இலவச வக்கீல் என்று வரிசைப்படுத்தியிருக்கிறது. ஆலைத் தொழிலாளி அந்த வரிசையில் இருக்கிறார். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்போர் எல்லோரும் இருக்கிறார்கள். இவர்களிடம் வருமானக் கணக்குக் கேட்கக் கூடாது. மற்ற ஏழைகளுக்கு வருமான வரம்பு உண்டு. கூலி வேலை செய்யும் விவசாயத் தொழிலாளி அதற்குள் அடங்குவார். தாலுகா கோர்ட் வளாகத்திலேயே இதற்குக் கமிட்டி இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். இது தர்மம் அல்ல, பிச்சையும் அல்ல. உரிமை!

சிறையில் வாடுகிறவர்களுக்கும் ஒரு வழி உண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவின்படி, விசாரணைக் கைதி தன் குற்றத்துக்குரிய உச்சபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தைக் கழித்துவிட்டால் ஜாமீனுக்குத் தகுதி பெறுகிறார். இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவராக இருந்தால் மூன்றில் ஒரு பங்கே போதும். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இது பொருந்தாது; ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் பொருந்தாது. காலம் முடிந்ததும் கோர்ட்டுக்கு எழுத வேண்டியது சிறை சூப்பரின்டெண்டின் பொறுப்பு. சட்டம் வருவதற்கு முன்பே சிறைக்குப் போனவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் கூறியிருக்கிறது. உங்கள் ஊரில் யாராவது ஜாமீனுக்கு ஆள் இல்லாமல் உள்ளே கிடக்கிறார்களா? நாளை எண்ணுங்கள். சங்கத்தில் சொல்லுங்கள். மனுப் போடச் செய்யுங்கள்.

சங்கமே சாட்சி

இந்த ஆயுதங்களைத் தனி மனிதன் தூக்க முடியாது. வாய்தாவுக்குத் தனியாகப் போகிறவன் இரண்டாவது வருஷத்தில் சோர்ந்துபோவான். சாட்சியைத் தனியாக விட்டால் எதிராளி ஒரு மூட்டை நெல்லிலோ ஒரு மிரட்டலிலோ கலைத்துவிடுவான். ஆகவே ஒவ்வொரு மில் சங்கமும், ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் கிளையும் ஒரு வழக்கு நோட்டு வைக்க வேண்டும். யார் மீது என்ன வழக்கு, எந்தக் கோர்ட், அடுத்த வாய்தா என்றைக்கு என்று அதில் எழுத வேண்டும். வாய்தா அன்று குறைந்தது இரண்டு பேர் கூடப் போக வேண்டும். கூலி இழந்த சாட்சிக்குச் சங்க நிதியிலிருந்து அந்தக் கூலியை ஈடு செய்ய வேண்டும். சம்பவம் நடந்த அன்றே, பார்த்தவர்கள் சொல்வதை எழுதித் தேதியிட்டுக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். வெண்மணி வழக்கைக் கோர்ட் தள்ளிற்று. ஆனால் அந்த மண்ணில் எழுந்த போராட்டத்தின் பலனாகத்தான் கணபதியா பிள்ளை கமிஷன் வந்தது. 1969-ல் கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர்களுக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. எந்தக் கூலியைக் கேட்டதற்காக அந்த 44 பேரை எரித்தார்களோ, அந்தக் கூலியைப் பற்றிச் சட்டமே பேச நேர்ந்தது. கோர்ட்டில் தோற்றவர்கள் களத்தில் தோற்கவில்லை.

கோர்ட் ஒரு களம். அது நம் முழுப் போர்க்களம் அல்ல. ஆனால் எதிரிக்கு அதை விட்டுக்கொடுத்துவிட்டு வரவும் நாம் தயாரில்லை. தனி ஏழையின் சொல் அம்பலம் ஏறாது என்று பழமொழி சொன்னது மெய்தான். சேர்ந்து நின்று, எழுதி வைத்து, விடாமல் திரும்பத் திரும்பச் சொன்ன ஏழைகளின் சொல் அம்பலம் ஏறும் என்று வாச்சாத்தி காட்டியிருக்கிறது. அடுத்த வாய்தாவுக்கு நம் தோழன் எவனும் தனியாகப் போகக் கூடாது!